அவர்கள் வைத்த செடி: உப்புக்காற்று ஊரில் காப்பாற்றி வளர்ப்பது எப்படி

துக்க வீட்டில் முதலில் வாடுவது தொட்டிச் செடிதான். பந்தல், சாப்பாடு, வந்து போகிற சொந்தம், கருமாதி என்று பதினாறு நாள் ஓடிவிடும். அத்தனை நாளும் கொல்லைப்பக்கத்துத் தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைப்பு வராது. எல்லாம் முடிந்து அவரவர் ஊருக்குப் பை கட்டும்போதுதான், "அம்மா வச்ச செம்பருத்தி எங்க?" என்று ஒருத்தர் கேட்பார். சித்திரை வெயிலாக இருந்தால் அதற்குள் அது விறகு.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில். மல்லி நாற்றுப் போடுகிற குடும்பம். மணலில் பாத்தி கட்டி, குச்சிகளை நெருக்கி ஊன்றி, வேர் பிடித்ததும் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புவதுதான் இங்கே பலருக்குப் பிழைப்பு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இங்கிருந்துதான் நாற்றுப் போகிறது. தொழில் தெரிந்த வீடு என்பதால், தெருவில் யாராவது தவறிப்போனால் கொஞ்ச நாள் கழித்து அவர்கள் தொட்டி ஒன்று எங்கள் வாசலுக்கு வந்துவிடும். "இத எப்படியாவது பொழைக்க வச்சுக் குடுங்க மதினி." சில பிழைக்கும், சில பிழைக்காது.

வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தொட்டியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், குச்சி எடுங்கள். எடுத்து மூன்று வீட்டிலாவது வையுங்கள். ஒரே வீட்டில் ஒரே தொட்டியில் இருக்கிற செடியை ஒரு ஆடு மேய்ந்துவிட்டால் தீர்ந்தது கதை.

என் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டு வாசலில் அவர் மாமியார் வைத்த நந்தியாவட்டை நின்றதாம். 1964 டிசம்பர் புயலில் வீடும் போனது, செடியும் போனது. ஆனால் அதற்கு முன்பு எப்போதோ பாம்பனில் இருந்த தங்கச்சிக்கு ஒரு கிளை ஒடித்துக் கொடுத்திருந்தார். அங்கிருந்து திரும்ப ஒரு குச்சி வாங்கி வந்து நட்டதன் வாரிசுதான் இன்று எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. "குடுத்து வச்சது மிஞ்சுச்சு" என்பார் அப்பத்தா.

முதல் பதினாறு நாள்

செடிக்கென்று ஒரு ஆளைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை இருந்தால் அதனிடமே ஒப்படைக்கலாம். பெரியவர்கள் அழுதுகொண்டும் அலைந்துகொண்டும் இருப்பார்கள். பிள்ளைகள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். காலையில் ஒரு சொம்பு, வெயில் காலமென்றால் சாயங்காலமும் ஒன்று.

வாசலில் இருக்கிற தொட்டிகளைப் பந்தல் போடும் முன்பே கொல்லைக்கு நகர்த்துங்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் வெற்றிலை எச்சிலைத் துப்பவும் பீடியை அணைக்கவும் தொட்டி மண்ணைத்தான் தேடுவார்கள். குறை சொல்லிப் பயனில்லை, தொட்டியை மறைத்துவிடுவதுதான் வழி.

பதினாறு முடியாமல் செடியைத் தொடக்கூடாது, கிளை ஒடிக்கக்கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். சரி, குச்சி எடுப்பதைத் தள்ளிப்போடலாம். தண்ணீரைத் தள்ளிப்போட முடியாது.

ஏற்கெனவே காய்ந்துபோன செடி கையில் கிடைத்தால், நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து கீழே கீறிக்கொண்டே வந்து, பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே காய்ந்த பகுதியை வெட்டிவிடுங்கள். மண் இறுகியிருந்தால் மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியே போய்விடும். அப்படியே தொட்டியை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து நிழலில் வையுங்கள். இந்த நிலையில் உரம் போடாதீர்கள். பாதிச் செத்த வேருக்கு அது விஷம்.

குச்சி

மல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி, காகிதப்பூ எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கைதான். மல்லியை வைத்துச் சொல்கிறேன். பச்சையாக வளைகிற இளங்கொம்பும் வேண்டாம், சாம்பல் நிறத்தில் முற்றிய கட்டையும் வேண்டாம். பச்சை போய் பழுப்பு ஏறத் தொடங்கிய கிளை, பென்சிலை விடச் சற்று மெலிந்தது, அதுதான் வேண்டும். வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு டப்பென்று ஒடிய வேண்டும். முக்கால் சாண் நீளம், மூன்று நான்கு கணு. கீழ்வெட்டு ஒரு கணுவுக்கு அடியில் சாய்வாக. வேர் பெரும்பாலும் அந்தக் கணுவைச் சுற்றித்தான் புறப்படும். கணுவை விட்டு நீளமாகத் தண்டு தொங்கினால் அந்தத் தண்டு அழுகி மேலே ஏறும். கத்தி கூராக இருக்கட்டும். மீன் அரிகிற அரிவாள்மனையில் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கழுவினாலும் வேண்டாம்.

கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். உச்சியில் இரண்டு இலை மட்டும் வைத்து, அதையும் பாதியாக நறுக்குங்கள். வேரில்லாத குச்சியால் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. நந்தியாவட்டை, அரளி மாதிரி பால் வடிகிறவற்றை நறுக்கியதும் தண்ணீரில் நிறுத்தி, பால் நின்றபின் ஊன்றுங்கள். (அரளி முழுக்க நஞ்சு. சின்னப் பிள்ளையும் ஆடும் இருக்கிற வீட்டில் அது வேண்டாம், யார் நினைவாக இருந்தாலும்.)

மணல் கடற்கரையிலிருந்து அள்ளியதாக இருக்கக்கூடாது. வேறு கிடைக்காவிட்டால், ஊற்றுகிற தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்காத வரைக்கும் அலசுங்கள். ஈர மணலில் முதலில் வேறொரு குச்சியால் குழி போட்டு, அதில் இரண்டு கணு மறைகிற அளவுக்கு இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். நேராகக் குத்தி இறக்கினால் வெட்டுவாய் நசுங்கும். அடியை வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலை, வாய் மேலே இருக்கும்படி குச்சிகள் மேல் வைத்து, பாட்டில் மூடியை மட்டும் திறந்துவிட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். ஒன்று ஊன்றாதீர்கள், ஏழெட்டாவது ஊன்றுங்கள்.

அப்புறம்தான் பொறுமை. இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். வந்ததும் எல்லோரும் அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அவசரப்படாதீர்கள், அந்தத் துளிர் தண்டில் இருந்த சேமிப்பில் வந்தது. கீழே வேர் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை மாதம் போல ஆனபின் குச்சியை இரண்டு விரலால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் உண்டு. அதுவரை பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் வீட்டில் செடி வளராது.

செடி தரையில் நிற்கிறது, அவசரமும் இல்லை என்றால் பதியம் போடுவது இதைவிட நிச்சயம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் பட்டையைக் கொஞ்சம் சுரண்டி, புதைத்து, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள். தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருக்கும், பிள்ளை வேர் விட்டுக்கொள்ளும். மூன்று மாதத்தில் அறுத்துப் பிரிக்கலாம். கிளை மண்ணுக்கு எட்டாத பழைய செம்பருத்தி, எலுமிச்சை, மாதுளைக்கு விண்பதியம்: ஒரு அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தேங்காய் நாரைச் சுற்றி, பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டினால் இரண்டு மாதம் போல ஆகும்.

எல்லாவற்றுக்கும் குச்சி சரிப்படாது. கறிவேப்பிலைக்குக் குச்சி வைத்து ஏமாறாதீர்கள். தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு பெயர்த்தெடுங்கள், அல்லது பழுத்த பழத்தைப் பிதுக்கி விதையை அன்றைக்கே ஊன்றுங்கள், வைத்திருந்தால் முளைக்காது. கற்றாழையில் அடிக்கன்று எடுத்து இரண்டு மூன்று நாள் நிழலில் காயப் போட்டு நட வேண்டும். ஓமவல்லியும் மணி பிளாண்டும் எப்படி வைத்தாலும் வரும். துளசிக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று வருஷத்தில் கட்டை தட்டிப் போய்விடும். அம்மா வைத்த துளசி பட்டுப்போய்விட்டதே என்று மனம் கலங்க வேண்டாம். வருஷா வருஷம் காய்ந்த கதிரை உருவி விதையைத் தூவிக்கொண்டே இருங்கள். அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

பருவம் என்று கேட்டால் ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வருகிற நாட்களில் எதை ஊன்றினாலும் பிடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், எதையாவது நடுவோமே என்று கை பரபரக்கும். அப்போது நடாதீர்கள். இருக்கிற செடிக்குப் பழைய வலையை இரண்டாக மடித்து நிழல் கட்டச் சொல்லுங்கள், ஆட்டுக்கும் அதே வலை தடுப்பு.

உப்பு

எங்கள் பக்கம் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் கூட இல்லை, ஊற்றுகிற தண்ணீரால்தான். இலை நுனி முதலில் பழுக்கும், பிறகு ஓரம் முழுக்கத் தீய்ந்தது போல் பழுப்பாகும், நடுவில் மட்டும் பச்சை இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை உரப்பற்றாக்குறை என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உரமும் உப்புத்தான், இன்னும் சீக்கிரம் போகும்.

சவர்த் தண்ணீர் மட்டுமே இருக்கிறது என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள். தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். ஊற்றினால் அடியில் ஓட்டை வழியாக ஒழுகுகிற அளவுக்கு ஊற்றி, ஒழுகியதைத் தட்டில் தேங்க விடாமல் கொட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்கிற அளவைப்போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். குடத்துக் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்குகிற ஊரில் இது ஆடம்பரமாகத் தெரியும். அதனால்தான் மழைத் தண்ணீர். வாடை மழையில் மொட்டைமாடிக் குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்து மூடி போட்டுவிட்டால், நாலைந்து தொட்டிக்குத் தை, மாசி வரை கவலையில்லை. ஏசி இருக்கிற வீட்டில் அந்தச் சொட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பே இருக்காது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற கழிவுநீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மீன் கழுவிய தண்ணீர் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், முதல் கழுவல் மட்டும். கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள். கரையில் ஒதுங்குகிற பாசியை அள்ளி வந்து உரமாகப் போடுவதும் அப்படித்தான், நன்றாக அலசிக் காய வைத்த பிறகே. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஆய்வு செய்த கப்பாபைகஸ் பாசியின் சாறு, உரமாகப் பாட்டிலில் கிடைக்கிறது. பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீர் கலந்து இலையில் தெளிக்கலாம். கடையில் வாங்குகிற தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும். ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீரின் சிவப்பு வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

காற்றிலும் உப்பு வரும். தென்கடல் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்கள் மோசம், வடகடல் பக்கத்தவர்களுக்கு வாடை. அந்தந்தக் காலத்தில் தொட்டியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், பலத்த காற்றடித்த மறுநாள் இலையை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நித்தியகல்யாணி, காகிதப்பூ, கற்றாழை, மருள் (ஸ்நேக் பிளாண்ட்), டேபிள் ரோஸ் இதையெல்லாம் தாங்கும். ரோஜாவும் வெற்றிலையும் தாங்காது.

எதில் வைப்பது, எங்கே வைப்பது

அப்பா புழங்கிய பித்தளைச் செம்பு, அம்மாவின் குடம் என்று எதிலாவது வைக்க எல்லோருக்கும் ஆசை. வையுங்கள், ஆனால் ஓட்டை போடாதீர்கள், மண்ணையும் நேராகக் கொட்டாதீர்கள். செடி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கட்டும், அந்தத் தொட்டி பாத்திரத்துக்குள் உட்காரட்டும். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்ததும் திரும்ப வைக்கலாம். கடலுக்குப் போனவர் வைத்திருந்த தெர்மோகோல் மீன் பெட்டி, என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட நல்ல தொட்டி. வெயிலில் வேர் சூடாகாது, எடையும் இல்லை. அடியில் கம்பியால் ஓட்டை குத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு வாரம் மழையிலோ நல்ல தண்ணீரிலோ ஊறவிட்டு உப்பு இறங்கியபின் மண் நிரப்புங்கள்.

மல்லியை வரவேற்பறையில் போட்டோவுக்குக் கீழே வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும், பூக்காது. அதற்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியிலிருந்து மொட்டு. வீட்டுக்குள்தான் வேண்டுமென்றால் மணி பிளாண்ட், மருள், ஜன்னலோரத்தில் ஓமவல்லி. மணி பிளாண்டை மெல்லுகிற வயதில் பிள்ளை இருந்தால் அதையும் உயரத்தில் வையுங்கள், வாய் அரிக்கும்.

யார் செடி என்று எழுதி வைப்பது முக்கியம். இரண்டு தலைமுறை கழித்து அது வெறும் செம்பருத்தி ஆகிவிடும். மார்க்கர் மை ஒரு கோடையில் வெளுக்கும், இரும்புத் தகடு இந்தக் காற்றில் துருப்பிடிக்கும். குளிர்பான அலுமினிய டப்பாவைப் பட்டையாக நறுக்கி, ஆணியால் பெயரையும் வருஷத்தையும் அழுத்தி எழுதுங்கள். முனையை மடித்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

மண்ணில் போடக்கூடாதவை

அஸ்தியை அக்னி தீர்த்தத்தில் கரைக்க வருகிறவர்களில் சிலர் ஒரு பிடியைத் தனியாக எடுத்துச் செடிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அஸ்தி கடுமையான காரம், உப்பும் அதிகம். தொட்டியில் போட்டால் செடி தாங்காது. மனம் கேட்கவில்லை என்றால், தரையில் நிற்கிற பெரிய மரத்துக்கு, அடியை விட்டு எட்டப் பள்ளம் தோண்டி, நிறைய மண்ணோடு ஒரு சிட்டிகை கலந்து போடுங்கள்.

இன்னொருவர் தன் அப்பாவுக்குப் பிடித்த கருப்பட்டிக் காப்பியைத் தினமும் காலையில் அவர் செம்பருத்திக்கு ஊற்றி வந்தார். எறும்பு வந்தது. எறும்பு பின்னால் மாவுப்பூச்சி வந்தது. நான் காப்பியை நிறுத்தச் சொல்லவில்லை. டம்ளரைத் தொட்டி பக்கத்தில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து நீங்களே குடித்துவிடுங்கள் என்றேன். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைகிற அளவு சோப்பு, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும்.

செடியே விட்டுப் போகாதவர்களுக்கு

எல்லோரும் செடி வைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஆசாரி வேலை பார்த்தவர், லாரி ஓட்டியவர், வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்தவர், இவர்களுக்கு எதை வைப்பது? நர்சரிக்குப் போய் அழகானதாகத் தேடாதீர்கள். அவர் கையால் உங்களுக்கு வந்த இலை எது என்று யோசியுங்கள். சளி பிடித்தால் ஓமவல்லிச் சாறு பிழிந்து கொடுத்தவரா, வேலை முடிந்து வருகிற வழியில் வெற்றிலைக் கட்டு வாங்கி வந்தவரா, பொண்டாட்டிக்கு ஒரு முழம் மல்லி வாங்காமல் வீடு வராதவரா? பார்க்கிற செடியை விட முகர்கிற செடி மேல். இலையைக் கசக்கியதும் ஆள் பக்கத்தில் வந்து நிற்பார்.

வெளியூருக்கு அனுப்புவது

மதுரை, சென்னை, கோயம்புத்தூரில் இருக்கிற தம்பி தங்கைகளுக்குக் குச்சியாகவே அனுப்பலாம். சாயங்காலம் நறுக்கி, ஈரச் செய்தித்தாளில் உருட்டி, அதை வாழைப்பட்டையில் வைத்துக் கட்டி, ஓட்டை போட்ட பாலிதீன் பையில் போட்டு ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டால் காலையில் கைக்குக் கிடைக்கும். தாள் ஈரமாக இருந்தால் போதும், சொட்டச் சொட்ட வேண்டாம். மேல்முனை எது, கீழ்முனை எது என்று தெரிய, மேல்முனைகளில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். இலை உதிர்ந்த குச்சியைத் தலைகீழாக நடுகிறவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டுக்கு அப்படிச் செய்ய முடியாது. மண்ணோடும் வேரோடும் செடி கொண்டுபோவதற்கு அந்தந்த நாட்டில் அனுமதியும், பூச்சி நோய் இல்லை என்கிற அரசுச் சான்றிதழும் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வாப்பா வைத்த செடி குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க எந்த மகளுக்கும் மனம் வராது. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த லாத்தா ஒருவர் வீட்டு முற்றத்தில் அவர் வாப்பா வைத்த மருதாணி நிற்கிறது. தங்கச்சிமார் இரண்டு பேரும் துபாயில். பெருநாளுக்கு முன்பு இலையை உருவி, நேர்வெயில் படாமல் அறைக்குள் காய வைத்து, இடித்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்து விடுகிறார். காய வைக்கும்போது இலை பச்சை மாறாமல் இருக்க வேண்டும். பழுப்பு ஏறினால் சிவக்காது. கடலோர ஈரத்தில் பொடி சீக்கிரம் கட்டி பிடிக்கும் என்பதால் டப்பாவை ஃபிரிஜ்ஜில் வைக்கச் சொல்லுங்கள், அந்த வருஷத்துப் பொடியை அந்த வருஷமே தீர்த்துவிடச் சொல்லுங்கள்.